நோய் மாறியதா, ஸ்கேன் மாறியதா? பரவிய குடல் புற்றுநோய்க்கு ஸ்கேன் முறையை ஒரே சீராக்க முழுமையான வழிகாட்டி

பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிய ஒருவருக்குக் கீமோ நடந்துகொண்டிருந்தது. முதல் சிடியில் கல்லீரலில் மூன்று கட்டிகள், அடுத்ததில் ஐந்து. மருந்து கேட்கவில்லை, வேறு மருந்துக்குப் போகலாம் என்று பேச்சு தொடங்கிவிட்டது. பழைய படத்தைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முதல் படம் ஊசி மருந்து ஏறத் தொடங்கி 35 நொடியில் எடுத்தது, இரண்டாவது 70 நொடியில். அந்த இரண்டு கட்டிகளும் ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்திருக்கின்றன. முதல் படத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்தது இது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் பார்த்ததால் மருந்து மாறாமல் தப்பியது. பார்க்காமல் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஸ்கேன் பிரிவில் புதிதாகச் சேர்ந்த டெக்னீசியன்கள், இளம் ரேடியாலஜிஸ்டுகள், மருந்து ஆய்வுகளில் படங்களைச் சேகரிப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். பலரும் 9ஆம் படியில் தொடங்கி, 3ஆம் படிக்குத் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

1. முதலில் பழைய படங்களைத் தோண்டுங்கள்

புதிய நெறிமுறை எழுத உட்காரும் முன், கடைசியாக வந்த இருபது நோயாளிகளின் சிடி படங்களைத் திறந்து ஒரு தாளில் பட்டியல் போடுங்கள். எந்த ஃபேஸில் (ஊசி மருந்து எந்த ரத்தக் குழாய்களை நிரப்பியிருக்கும் கட்டத்தில்) எடுத்தது, ஸ்லைஸ் (ஒவ்வொரு வெட்டுப் படத்தின் தடிமன்) எத்தனை மி.மீ., எத்தனை கிலோவோல்ட் (எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம்), கான்ட்ராஸ்ட் (ரத்தக் குழாய்களையும் உறுப்புகளையும் வெளுத்துக் காட்டும் ஊசி மருந்து) எவ்வளவு, வாய்வழி என்ன கொடுத்தார்கள், எங்கிருந்து எங்கு வரை எடுத்தார்கள்? இவ்வளவு போதும்.

ஸ்லைஸ், கிலோவோல்ட் இரண்டும் படத்தின் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொதுக் கோப்பு வடிவம்) தலைப்பிலேயே கிடைத்துவிடும். ஊசி போட்டு எத்தனை நொடியில் எடுத்தார்கள் என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. அதற்குக் கல்லீரல் சிரைகளைப் பாருங்கள். அவை நன்றாக வெளுத்திருந்தால் போர்ட்டல் ஃபேஸ். பெருந்தமனி மட்டும் பளீரென்று இருந்து, கல்லீரல் சிரைகள் நிரம்பாமல் கிடந்தால் அது ஆர்ட்டீரியல் ஃபேஸ், சீக்கிரம் எடுத்துவிட்டார்கள். படத்தில் எழுதியிருக்கும் பெயரை நம்ப வேண்டாம். 'போர்ட்டல்' என்று பெயர் இருக்கும், உள்ளே வேறு இருக்கும்.

இந்தப் பட்டியலைப் போட ஒரு மதியம் ஆகும். ஆனால் உங்கள் இடத்தில் எது ஆடுகிறது என்று தெரியாமல் எழுதும் நெறிமுறை அலமாரிக்குத்தான் போகும்.

2. யார் யார் உட்கார வேண்டும்

ரேடியாலஜிஸ்ட், ஆன்காலஜிஸ்ட், கல்லீரல் அறுவை செய்யும் சர்ஜன், பேக்ஸ் (ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் கணினி அமைப்பு) பார்த்துக்கொள்பவர், இரண்டு டெக்னீசியன்கள். அந்த இருவரில் ஒருவர் இரவு ஷிஃப்ட் பார்ப்பவராக இருக்க வேண்டும். பகலில் எல்லாம் சரியாக நடக்கும், இரவிலும் விடுமுறை நாளிலும்தான் நெறிமுறை வழுக்கும். டெக்னீசியனைக் கேட்காமல் எழுதிய நெறிமுறையில், அந்த மிஷினில் செய்யவே முடியாத ஒரு வரியாவது இருக்கும்.

சர்ஜனும் ஆன்காலஜிஸ்டும் ஒரே படத்தில் வேறு வேறு பதிலைத் தேடுகிறார்கள் என்பதை இந்தக் கூட்டத்திலேயே தெளிவாக்கிவிடுங்கள். ஆன்காலஜிஸ்டுக்குத் தேவை, மருந்து வேலை செய்கிறதா என்ற பதில். சர்ஜனுக்கு ஒவ்வொரு கட்டியும் எங்கே இருக்கிறது, எந்த ரத்தக் குழாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். முதல் கேள்விக்கு ஐந்து கட்டிகளை அளந்தால் போதும். இரண்டாவதற்கு ஒன்றைக்கூட விட முடியாது.

3. சிடி: ஒரே பக்கத்தில் அடங்கும் நெறிமுறை

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். தொடர் கண்காணிப்பு முழுவதும் சிடியின் மேல்தான் நிற்கிறது.

*எவ்வளவு தூரம்.* நுரையீரல் உச்சியிலிருந்து இடுப்பெலும்பின் அடி வரை, மார்பு, வயிறு, இடுப்பு மூன்றும் ஒரே நாளில். பெருங்குடலின் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது, அதனால்தான் முதல் பரவல் பெரும்பாலும் அங்கே. மலக்குடலின் கீழ்ப்பகுதி ரத்தத்துக்குக் கல்லீரலைத் தொடாமல் நேரே கீழ்ப் பெருஞ்சிரைக்குப் போகும் வழியும் உண்டு. அதனால் கல்லீரல் சுத்தமாக இருந்து நுரையீரலில் மட்டும் கட்டிகள் வருவதும் நடக்கும். மார்பை விட்டுவிட்டு வயிற்றை மட்டும் எடுப்பது மிச்சம் பிடிப்பது ஆகாது.

*எப்போது.* ஊசி தொடங்கி சுமார் 70 நொடியில் போர்ட்டல் வீனஸ் ஃபேஸ். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியே வருகிறது. குடலிலிருந்து பரவிய கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு. ஆக, இந்த நேரத்தில் கல்லீரல் வெளுக்கும், கட்டி கறுப்பாகவே நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதிகமாக இருக்கும் நொடி இதுதான். முப்பது நொடி முந்தினால் கட்டியும் கல்லீரலும் ஒரே சாம்பல் நிறம்.

இதயம் பலவீனமானவர்களுக்கு ரத்தம் மெதுவாக ஓடும், 70 நொடி என்பது முன்கூட்டியே ஆகிவிடும். அவர்களுக்குப் பெருந்தமனியில் கான்ட்ராஸ்ட் வருவதை மிஷினே கண்டுபிடித்து, அங்கிருந்து நொடியை எண்ணும் முறை நல்லது. எதைத் தேர்ந்தாலும், யாருக்கு எது என்று எழுதி வையுங்கள்.

ஊசி போடாத படமும் ஆர்ட்டீரியல் ஃபேஸும் எல்லோருக்கும் வேண்டியதில்லை. அறுவைத் திட்டம் போன்ற காரணம் இருந்தால் மட்டும் எடுங்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று சேர்க்கும் ஒவ்வொரு ஃபேஸும் கதிர்வீச்சைக் கூட்டும். இந்த நோயாளிகள் வருடத்தில் பல முறை அந்தக் கட்டிலில் படுக்கப் போகிறவர்கள்.

*கான்ட்ராஸ்ட் அளவு.* எடைக்கு ஏற்பக் கணக்கிடுங்கள், அதுவும் மில்லியில் இல்லாமல் அயோடின் கிராமில். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. 300 செறிவுள்ள மருந்தில் 100 மி.லி.யில் 30 கிராம் அயோடின் இருக்கிறது. 370 செறிவில் அதே 100 மி.லி.யில் 37 கிராம். கொள்முதல் பிரிவு மருந்தை மாற்றியது, டெக்னீசியன் வழக்கம்போல் 100 போட்டார் என்றால் அடுத்த ஸ்கேனில் கல்லீரல் கூடுதலாக வெளுக்கும், மங்கலாக இருந்த கட்டிகள் 'புதிதாக' முளைக்கும். எல்லோருக்கும் 100 என்று வைத்தாலும் இதே கதைதான். 45 கிலோ உள்ளவருக்கு அது தாராளம், 95 கிலோ உள்ளவருக்குப் பற்றாது. ஊசிக்குப் பிறகு கல்லீரல் ஏறக்குறைய 50 ஹவுன்ஸ்ஃபீல்டு எண்களாவது (சிடியில் அடர்த்தியைச் சொல்லும் எண்) உயர வேண்டும் என்பதை இலக்காக வையுங்கள். ஊசியின் வேகமும் பின்னால் தள்ளும் உப்பு நீரின் அளவும் நெறிமுறைத் தாளில் இருக்கட்டும்.

*கிலோவோல்ட்.* 120-லிருந்து 100-க்கு இறக்கினால் அயோடின் இன்னும் பளிச்சென்று தெரியும். அது நல்லதுதான், ஆனால் முதல் ஸ்கேன் 120, இரண்டாவது 100 என்று இருந்தால் கட்டியின் அடர்த்தியை ஒப்பிடவே முடியாது. மிஷின் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், அது எதைத் தேர்ந்தது என்பதையாவது குறித்து வையுங்கள்.

*ஸ்லைஸ்.* மெல்லியதாக எடுத்து, பார்ப்பதற்கும் அளப்பதற்கும் 3 மி.மீ.யில் மீட்டெடுங்கள் (ஸ்கேன் தரவிலிருந்து படத்தை உருவாக்குவதுதான் மீட்டெடுப்பு). 5 மி.மீ.யைத் தாண்டவே கூடாது. 8 மி.மீ. கட்டி 5 மி.மீ. ஸ்லைஸில் பாதி கட்டி, பாதி கல்லீரலாகக் கலந்து மங்கிப் போகும். மெல்லிய ஸ்லைஸ்களை இடப் பற்றாக்குறை என்று அழித்துவிடாதீர்கள், சர்ஜன் பிறகு கேட்பார்.

*நுரையீரல்.* இதற்குத் தனி மீட்டெடுப்பு வேண்டும். அளக்கும்போது எப்போதும் லங் விண்டோ (நுரையீரல் தெளிவாகத் தெரியும் கறுப்பு-வெள்ளை அமைப்பு). ஒரே முடிச்சை மென்திசு விண்டோவில் அளந்தால் சிறிதாகத் தெரியும்.

*மூச்சு.* கட்டிலில் படுத்ததும் இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். கல்லீரலின் உச்சி, உதரவிதானத்துக்குக் கீழே இருப்பது, மூச்சு ஆடினால் அப்படியே காணாமல் போகும்.

*வாய்வழி.* தண்ணீரா, கான்ட்ராஸ்ட் கலந்ததா, ஒன்றுமே இல்லையா? ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். என் ஓட்டு தண்ணீருக்கு. சளிச் சுரப்புள்ள மியூசினஸ் வகைக் கட்டிகளில் சுண்ணாம்பு படிவது உண்டு. வெள்ளைக் கான்ட்ராஸ்ட் நிறைந்த குடலுக்குப் பக்கத்தில் அது தெரியவே தெரியாது.

4. நோயாளி அறைக்குள் வரும் முன்

எடையை அன்றைக்கே பாருங்கள். பழைய ரிப்போர்ட்டில் உள்ள எடையை எடுக்காதீர்கள், கீமோ எடுப்பவர் இரண்டு மாதத்தில் பல கிலோ இழந்திருப்பார்.

கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) புதிதாக இருக்க வேண்டும். இ-ஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) 30-க்குக் கீழே இருந்தால் டெக்னீசியன் முடிவெடுக்க வேண்டாம், ரேடியாலஜிஸ்டுக்குப் போக வேண்டும். அந்த நிலையில் மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய் மாத்திரை) எடுப்பவர்கள் ஸ்கேன் அன்று அதை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகம் எப்படி என்று பார்த்துவிட்டே மறுபடி தொடங்குவது வழக்கம். முன்பு ஊசிக்கு ஒவ்வாமை வந்ததா என்று கேளுங்கள். "ஊசி போட்டதும் உடம்பெல்லாம் சூடாச்சு" என்பது ஒவ்வாமை இல்லை, அதை ஒவ்வாமை என்று பதிந்துவிட்டால் அந்த ஆளுக்கு இனி ஊசியில்லாத ஸ்கேன்தான் நடக்கும்.

அப்புறம், கீமோ போர்ட் (கீமோ ஏற்றத் தோலுக்கு அடியில் பதித்திருக்கும் கருவி). "கையில் நரம்பே கிடைக்காது, போர்ட்டிலேயே போடுங்க" என்று நோயாளிகள் கெஞ்சுவார்கள், நியாயமும் கூட. ஆனால் அழுத்தத்தைத் தாங்கும் என்று குறிக்கப்பட்ட போர்ட்டிலும், அதற்கென்ற ஊசியோடும் மட்டுமே பவர் இன்ஜெக்டரை (மருந்தை வேகமாகத் தள்ளும் மிஷின்) இணைக்கலாம். மற்ற போர்ட்டுகளில் குழாய் வெடிக்கும் ஆபத்து உண்டு. கையில்தான் என்றால் முழங்கை மடிப்பில் 20 கேஜ் கேனுலா. புறங்கையில் அதைவிட மெல்லிய 24 போட்டுவிட்டு வேகத்தைக் குறைத்தால், 70 நொடிக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும்.

கான்ட்ராஸ்ட் போடவே முடியாதவர்களுக்கு: மார்புக்கு ஊசியில்லாத சிடி, வயிற்றுக்கும் இடுப்புக்கும் எம்ஆர்ஐ. எம்ஆர்ஐக்குப் போடும் கடோலினியம் வேறு வகை மருந்து, அயோடின் ஒவ்வாமை அதற்குத் தடை இல்லை. சிறுநீரகக் கோளாறு என்றால் எந்த வகை கடோலினியம் என்பதை ரேடியாலஜிஸ்ட் சொல்ல வேண்டும். இந்தப் பாதையை முதல் ஸ்கேனிலேயே தொடங்கிக் கடைசி வரை மாற்றாமல் போங்கள்.

5. கல்லீரல் எம்ஆர்ஐ: கீமோ தொடங்கும் முன்

கல்லீரல் அறுவைக்கு வாய்ப்பு இருக்கும் ஒவ்வொருவருக்கும் இது வேண்டும். பெரும்பாலும் தவறுவது நேரத்தில்தான். கீமோ முடிந்து, அறுவைக்கு முந்தைய வாரம் எம்ஆர்ஐ கேட்கிறார்கள். அதற்குள் சிறிய கட்டிகள் சுருங்கி மறைந்திருக்கும். படத்தில் மறைந்தது என்றால் உண்மையில் அழிந்தது என்று அர்த்தமில்லை, பல நேரங்களில் உயிருள்ள செல்கள் அங்கே இருக்கும். எங்கே இருந்தது என்ற வரைபடம் கீமோவுக்கு முன்பே எடுத்திருந்தால்தான் சர்ஜனுக்கு எதை வெட்டுவது என்று தெரியும்.

கடாக்ஸெட்டேட் வகைக் கான்ட்ராஸ்ட் பயன்படுத்துங்கள். நல்ல கல்லீரல் செல்கள் இதை உறிஞ்சும், பரவிய கட்டிக்கு அந்தச் செல்கள் கிடையாது. 20 நிமிடம் கழித்து எடுத்தால் வெளுத்த கல்லீரலில் கட்டிகள் கருந்துளைகளாகத் தெரியும். அந்த 20 நிமிடம் சும்மா காத்திருக்க வேண்டாம். டிஃப்யூஷன், டி2 என்ற மற்ற வகை எம்ஆர்ஐ படங்களை அந்த இடைவெளியில் முடித்துக்கொள்ளலாம்.

கவனிக்க ஒன்று: இதன் அளவு மிகக் குறைவு. கிலோவுக்கு 0.1 மி.லி. என்றால் 60 கிலோ உள்ளவருக்கு வெறும் 6 மி.லி. வேகமாகத் தள்ளினால் ஆர்ட்டீரியல் ஃபேஸ் தவறிவிடும், மெதுவாக, நொடிக்கு 1 மி.லி. போதும். சிலருக்கு அந்த நொடியில் மூச்சு திணறி படம் ஆடும். முன்கூட்டியே சொல்லி வைத்தால் பயப்பட மாட்டார்கள்.

20ஆவது நிமிடப் படம் சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்? கல்லீரல் அதன் ரத்தக் குழாய்களைவிட வெளுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பிலிரூபினைப் பாருங்கள். மஞ்சள் காமாலை இருந்தால் கல்லீரல் மருந்தை உறிஞ்சாது, அந்தப் படத்தை வைத்து 'கட்டி இல்லை' என்று எழுதக் கூடாது.

மலக்குடல் கட்டிக்கான எம்ஆர்ஐ தனி வேலை: 3 மி.மீ. டி2 படங்கள், கொழுப்பை மறைக்காமல், கட்டியின் நீளத்துக்குச் செங்குத்தாக. கோணம் சாய்ந்தால் குடல் சுவர் தடித்துத் தெரியும், இல்லாத ஊடுருவலை இருப்பதாக எழுதிவிடுவோம். மீசோரெக்டல் உறைக்கும் (மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பின் உறை) கட்டிக்கும் இடைவெளி 1 மி.மீ.யா, அதற்குக் கூடுதலா என்பது ரிப்போர்ட்டில் எண்ணாக இருக்க வேண்டும்.

6. பெட்-சிடி: கேட்கும்போது மட்டும்

கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் ஏற்றி, அதை எடுக்கும் கட்டிகளைக் காட்டும் ஸ்கேன் இது. மருந்து வேலை செய்கிறதா என்று வழக்கமாகப் பார்க்க இது வேண்டாம். சிஇஏ (ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய் அடையாளப் பொருள்) ஏறுகிறது, ஆனால் சிடி சுத்தமாக இருக்கிறது என்ற நிலைக்கும், பெரிய அறுவைக்கு முன் வேறு எங்காவது பரவல் இருக்கிறதா என்று பார்க்கவும் உதவும். மியூசினஸ் வகைக் கட்டிகள் சர்க்கரையைச் சரியாக எடுப்பதில்லை, கீமோ முடிந்த கையோடு எடுத்தாலும் கட்டி மங்கும். மெட்ஃபார்மின் குடல் முழுவதையும் ஒளிரச் செய்துவிடும். எடுப்பதென்றால் ரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழே, ஊசிக்கும் படத்துக்கும் நடுவே 60 நிமிடம், ஒவ்வொரு முறையும் அதே 60.

7. அடிப்படை ஸ்கேனின் தேதியைப் பூட்டுங்கள்

மருந்து தொடங்குவதற்கு முந்தைய 4 வாரங்களுக்குள் எடுத்த சிடிதான் அடிப்படை. எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஏழு வாரம் பழைய படத்தை அடிப்படையாக வைத்தால், மருந்தே தொடங்காத நாட்களில் வளர்ந்த வளர்ச்சியும் மருந்தின் தோல்வியாகக் கணக்கில் ஏறும்.

வெளியிலிருந்து வரும் படத்தை ஏற்பதா, மறுபடி எடுப்பதா என்பதற்கு மூன்று கேள்வி போதும். மூன்று பகுதிகளும் இருக்கின்றனவா? போர்ட்டல் ஃபேஸா? டைகாம் வடிவில் 5 மி.மீ.க்குள் இருக்கிறதா? ஒருமுறை நோயாளியின் மகன் குறுந்தகட்டைப் பத்திரமாகத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். உள்ளே பன்னிரண்டு ஜேபெக் படங்கள். அவற்றில் எதையும் அளக்க முடியாது. அவரிடம் அதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது.

8. எதை அளப்பது

கட்டிகளை அளந்து மருந்தின் பலனை மதிப்பிட உலகம் முழுவதும் பயன்படுத்துவது 2009-ல் வெளியான ரெசிஸ்ட் 1.1 விதிகள். மொத்தம் ஐந்து கட்டிகள், ஓர் உறுப்புக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். சிடியில் நீள விட்டம் குறைந்தது 10 மி.மீ. நிணநீர்க் கணு என்றால் குறுக்கு விட்டத்தை அளக்க வேண்டும், அது 15 மி.மீ. அல்லது கூடுதலாக இருக்க வேண்டும். 10-க்குக் கீழே உள்ள கணு சாதாரணக் கணு.

பழைய பதிப்பில் பத்துக் கட்டிகள், உறுப்புக்கு ஐந்து என்று இருந்தது. சிலர் இன்னும் அந்தக் கணக்கிலேயே இருப்பார்கள், சண்டை போடாமல் தாளைக் காட்டுங்கள்.

பெரிய கட்டியை எடுக்கத் தோன்றும். பெரியது என்பதோடு, திரும்பத் திரும்ப அதே மாதிரி அளக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள். ஓரம் தெளிவாக இருக்கும் 25 மி.மீ. கட்டி, ஓரம் கரைந்து பக்கத்துக் கட்டியோடு ஒட்டப்போகும் 40 மி.மீ. கட்டியைவிட மேல். முன்பே அப்லேஷன் (கட்டியை இருக்கும் இடத்திலேயே அழிக்கும் சிகிச்சை) செய்த இடத்தை, அங்கே மறுபடி வளர்ந்தாலொழிய, எடுக்காதீர்கள். குடல் சுவரில் இருக்கும் மூலக் கட்டியையும் நான் எடுப்பதில்லை. குடல் ஒரு நாள் சுருங்கியிருக்கும், ஒரு நாள் விரிந்திருக்கும்.

தேர்ந்த ஒவ்வொன்றுக்கும் எண், உறுப்பின் பகுதி, ஸ்லைஸ் எண், அளவுகோடு வரைந்த படம். 'கட்டி 1, கல்லீரல் 7ஆம் பகுதி' என்று வைத்தால் அது கடைசி வரை கட்டி 1 தான். அடுத்த முறை அளக்கும்போது பழைய கோட்டின் திசையிலேயே கோடு போடாதீர்கள், அன்றைக்கு எது நீளமோ அதை அளக்க வேண்டும். கட்டி சுருங்கும்போது உருவமும் மாறும்.

9. கணக்கு எங்கே தப்பாகிறது

ஓர் உதாரணம். அடிப்படையில் கல்லீரல் கட்டிகள் 42, 28. ஒரு கணு 16. கூட்டல் 86 மி.மீ. இரண்டாவது ஸ்கேனில் கூட்டல் 52. அடிப்படையிலிருந்து 30 சதவீதமாவது குறைந்தால் பகுதி முன்னேற்றம், இது ஏறக்குறைய 40 சதவீதம். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மூன்றாவது ஸ்கேனில் கூட்டல் 64. புதியவர் 86-ஓடு ஒப்பிட்டு, "இன்னும் 26 சதவீதம் குறைவாகத்தானே இருக்கிறது, நோய் நிலையாக உள்ளது" என்று எழுதுவார். தப்பு. நோய் வளர்ந்ததா என்று பார்க்க, இதுவரை வந்ததிலேயே குறைந்த கூட்டலோடு ஒப்பிட வேண்டும். இங்கே அது 52. அங்கிருந்து 12 மி.மீ. கூடியிருக்கிறது, 23 சதவீதம். 20 சதவீதமும் தாண்டியது, குறைந்தபட்சம் 5 மி.மீ. கூட வேண்டும் என்ற நிபந்தனையும் நிறைவேறியது. நோய் வளர்ந்துவிட்டது. வேலையில் சேருபவர்களுக்கு முதல் நாளே இந்தக் கணக்கைக் கொடுக்கிறேன், பெரும்பாலானோர் முதல் முறை சறுக்குகிறார்கள்.

அந்த 5 மி.மீ. நிபந்தனை எதற்கு? கூட்டல் 15-லிருந்து 19 ஆனால் ஏறக்குறைய 27 சதவீதம் கூடியதாகிவிடும். நான்கு மி.மீ. என்பது கோடு போடும் கை நடுங்கினாலே வரும் வித்தியாசம்.

கட்டி இருக்கிறது, ஆனால் அளக்க முடியாத அளவு சிறிது என்றால் 5 மி.மீ. என்று எழுதுங்கள். காணவே இல்லை என்றால்தான் 0.

சந்தேகமான புதிய புள்ளி வந்தால் அவசரப்பட வேண்டாம். சந்தேகம் என்றே பதிந்து, அடுத்த ஸ்கேனில் உறுதியானால், நோய் வளர்ந்த தேதியாக அது முதலில் தெரிந்த நாளையே போட வேண்டும்.

10. மருந்து காட்டும் மாயங்கள்

இங்கேதான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். படத்தில் மாற்றம் உண்மையாகவே இருக்கிறது, ஆனால் அது கட்டியின் மாற்றம் இல்லை.

கீமோவில் கல்லீரலில் கொழுப்பு படியும். கொழுப்பு படிந்த கல்லீரல் சிடியில் கறுக்கும், கறுத்த பின்னணியில் கறுத்த கட்டி மறைந்துவிடும். 'கட்டிகள் மறைந்தன' என்று எழுதும் முன் மண்ணீரலோடு ஒப்பிட்டுக் கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சந்தேகமென்றால் எம்ஆர்ஐ.

ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து கல்லீரலின் நுண்குழாய்களைப் பாதிக்கும், மண்ணீரல் பெரிதாகும். மருந்து நின்று மாதங்களோ வருடங்களோ கழித்துக் கல்லீரலில் சிறு முடிச்சுகள் முளைப்பதும் உண்டு. அவை புற்று இல்லை, ஆனால் அச்சு அசலாகப் புதிய கட்டி மாதிரியே ரிப்போர்ட்டில் ஏறிவிடும். கடாக்ஸெட்டேட் எம்ஆர்ஐயில் அவை மருந்தை உறிஞ்சி வெளுக்கும், பரவிய கட்டி கறுக்கும். ஒரே ஒரு படம் ஒருவரைத் தேவையில்லாத பயாப்சியிலிருந்து காப்பாற்றும்.

பெவாசிசுமாப் (கட்டிக்குப் புதிய ரத்தக் குழாய்கள் வளர்வதைத் தடுக்கும் மருந்து) சேர்ந்திருந்தால், கட்டியின் அளவு மாறாமல் அதன் உட்பகுதி சீராகக் கறுத்து, ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் ஆகலாம். ரெசிஸ்ட் கணக்கில் இது 'நிலையாக உள்ளது', உண்மையில் மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. ஓரத்தையும் அடர்த்தியையும் தனி வரியில் எழுதுங்கள். 3ஆம் படியில் ஃபேஸையும் கிலோவோல்ட்டையும் கட்டிப்போட்டது இதற்காகவும்தான்.

எம்எஸ்ஐ-ஹை (டிஎன்ஏ பிழைகளைத் திருத்த முடியாத வகை) கட்டிகளுக்கு இம்யூனோதெரபி கொடுக்கும்போது, முதலில் பெரிதாகிப் பிறகு சுருங்குவது சிலருக்கு நடக்கும். அதற்கு 2017-ல் வந்த ஐ-ரெசிஸ்ட் விதிகள் இருக்கின்றன. முதல் வளர்ச்சியை 'உறுதியாகாதது' என்று குறித்து, நோயாளியின் உடல்நிலை இடம் கொடுத்தால் 4 முதல் 8 வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

11. ரிப்போர்ட் படிவம்

மேலே எப்படி எடுக்கப்பட்டது என்ற வரி, நடுவில் கட்டிகளின் அட்டவணை, கீழே மற்ற கண்டுபிடிப்புகள், கடைசியில் முடிவு. பார்த்தவர் எந்தத் தேதிப் படத்தோடு ஒப்பிட்டார் என்பதும் கட்டாயம்.

பெரிட்டோனியத்துக்கு (வயிற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வு) தனிக் கட்டம் வையுங்கள். சிறிய படிவுகள் சிடியில் தப்பிவிடும், பார்க்காமல் விட்டால் இன்னும் தப்பும். வயிற்றை 13 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் கொடுக்கும் முறை சர்ஜன்களிடம் இருக்கிறது, மொத்தம் 39. அறுவை பேச்சில் இருக்கும் நோயாளிகளுக்கு அதே பகுதிகளை வைத்து எழுதினால் பேச்சு எளிது.

காலிக் கட்டம் எதையும் விடாதீர்கள். 'இல்லை' என்பது வேறு, 'படம் ஆடியதால் பார்க்க முடியவில்லை' என்பது வேறு, யாரும் பார்க்கவே இல்லை என்பது வேறு. காலியாக விட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். 'சற்றே பெரிதாகியுள்ளது' போன்ற சொற்களை நான் படிவத்திலிருந்தே தூக்கிவிட்டேன். எத்தனை மி.மீ. என்று எழுதட்டும்.

12. படங்களைப் பெயரிடுதல், அடையாளம் நீக்குதல்

சீரிஸ் (ஒரே முறையில் எடுத்த படத் தொகுப்பு) பெயரில் பகுதி, ஃபேஸ், ஸ்லைஸ் மூன்றும் இருக்கட்டும். 'வயிறு 2 புதியது' என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து வைத்தவருக்கே புரியாது.

ஆய்வுக்கு வெளியே அனுப்பும்போது பெயர், எண், பிறந்த தேதி ஆகியவற்றைத் தலைப்பிலிருந்து நீக்குவீர்கள். சரி, ஆனால் அதோடு முடியாது. கதிர்வீச்சு அளவுத் தாள், அளவுகோடு வரைந்த ஸ்கிரீன்ஷாட் இவற்றில் பெயர் படத்துக்குள்ளேயே அச்சாகியிருக்கும். மிஷின் கம்பெனிகளின் தனிப்பட்ட புலங்களிலும் ஒளிந்திருக்கும்.

தேதிகளை அழிக்காதீர்கள், ஒரு நோயாளியின் எல்லாத் தேதிகளையும் ஒரே எண்ணிக்கை நாட்கள் நகர்த்துங்கள். அப்போதுதான் இரண்டு ஸ்கேன்களுக்கு இடையே எத்தனை வாரம் என்பது தப்பாது. ஸ்லைஸ், கிலோவோல்ட், மீட்டெடுப்பு விவரங்களைத் தொடவே வேண்டாம். மொத்தமாகச் சுத்தம் செய்யும் மென்பொருள் இவற்றையும் துடைத்துவிட்டால், 1ஆம் படியில் செய்த சோதனையை யாராலும் மறுபடி செய்ய முடியாது.

13. ஓட்டிப் பார்ப்பதும் விலகல்களும்

பத்து நோயாளிகளுக்கு ஓட்டிப் பாருங்கள். இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் அளக்கட்டும். வித்தியாசம் பெரும்பாலும் கோடு போடுவதில் வராது, எந்தக் கட்டியைத் தேர்ந்தார்கள் என்பதில்தான் வரும். அப்படி வந்தால் 8ஆம் படியை மறுபடி பேசுங்கள். தினமும் காலையில் தண்ணீர் ஃபேன்டமை (மிஷினைச் சோதிக்கும் தண்ணீர் நிரம்பிய உருளை) எடுத்து, ஹவுன்ஸ்ஃபீல்டு எண் 0-வை ஒட்டி, கூட்டியோ குறைத்தோ 5-க்குள் நிற்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

விலகல்கள் வரத்தான் செய்யும். மிஷின் அறைச் சுவரில் ஒரு நோட்டு தொங்கட்டும்: தேதி, என்ன மாறியது, ஏன். திட்டுவதற்கு அதைப் பயன்படுத்தினீர்கள் என்றால் அடுத்த வாரத்திலிருந்து யாரும் எழுத மாட்டார்கள்.

எதை மறுபடி எடுப்பது? மார்பு விட்டுப்போயிருந்தால் மார்பை மட்டும் ஊசியில்லாமல் எடுங்கள். ஃபேஸ் தவறியது அடிப்படை ஸ்கேனில் என்றால், மருந்து தொடங்கும் முன் கட்டாயம் மறுபடி எடுக்க வேண்டும், அல்லது கல்லீரலுக்கு எம்ஆர்ஐ செய்து அதையே அடிப்படையாக வைத்துத் தொடர வேண்டும். நடுவில் வரும் ஸ்கேனில் தவறியது, நோயாளி நன்றாக இருக்கிறார், சிஇஏவும் ஏறவில்லை என்றால், ரிப்போர்ட்டின் முதல் வரியில் 'ஃபேஸ் வேறு, கல்லீரல் ஒப்பீடு நம்பத்தக்கதல்ல' என்று எழுதிவிட்டு அடுத்த ஸ்கேனின் தேதியைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவாருங்கள். அந்த முதல் வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஆன்காலஜிஸ்ட் அவசரத்தில் படிப்பது அதையும் கடைசி வரியையும்தான்.